கூட்டமான காட்சியில் கண் எங்கே போகிறது: பார்த்துப் பழக ஒரு வழிகாட்டி

ஒரு இசை நிகழ்ச்சிக்கான சுவரொட்டி. அச்சுக்குப் போவதற்கு முன் நாலு பேர் சரிபார்த்தோம். ஒருவர் தேதியைப் பார்த்தார். ஒருவர் கைபேசி எண்ணைத் தானே அழுத்தி மணி அடிக்கிறதா என்று பார்த்தார். இன்னொருவர் நன்கொடையாளர்களின் இனிஷியல்களைப் பட்டியலோடு ஒப்பிட்டார். நான் அடியில் இருந்த பொடி எழுத்துகளை மேய்ந்தேன். ஆயிரம் பிரதிகள் அச்சாகி வந்ததும் கட்டைப் பிரித்த பையன்தான் கேட்டான்: "அண்ணே, நிகழ்ச்சிக்கு நடுவுல 'ச்' வராதா?"

தலைப்பில், ஒரு சாண் உயரத்துக்கு, "நிகழ்சி" என்று இருந்தது.

நாலு பேரில் ஒருவர்கூடத் தலைப்பைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய எழுத்து. பார்த்தோம், ஆனால் பிடிபடவில்லை. இது எப்படி நடக்கிறது என்ற எரிச்சலில்தான் கண்ணசைவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் கையால் செய்து பார்க்கக்கூடியவற்றை மட்டும் வரிசைப்படுத்தித் தருகிறேன். படத்தில் ஒரு பொருளைத் தேடுபவர், பிழை திருத்துபவர், வண்டி ஓட்டப் பழகுபவர், பக்கம் வடிவமைப்பவர் என்று யாருக்கும் பொருந்தும்.

தேவையானவை: ஒரு கண்ணாடி, கேமரா உள்ள கைபேசி, பத்துப் பேராவது இருக்கிற இரண்டு பெரிய படங்கள், தாள், பென்சில், கொஞ்சம் பொறுமையுள்ள ஒரு நண்பர். ஒரு மணி நேரம் போதும்.

1. எவ்வளவு குறைவாகப் பார்க்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகத்தின் அகலம்தான், ஏறக்குறைய, ஒரு நேரத்தில் நீங்கள் துல்லியமாகப் பார்க்கிற பரப்பு. கணக்கில் சொன்னால் ஒன்றரை முதல் 2 பாகை. விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்ற சிறு குழி இருக்கிறது. நுணுக்கத்தைப் பிடிக்கிற கூம்புச் செல்கள் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அதைவிட்டு விலகினால் அடர்த்தி மளமளவென்று குறைந்துவிடுகிறது.

நம்பாவிட்டால் இந்த வரியில் ஏதாவது ஒரு சொல்லின் மேல் கண்ணை நிறுத்துங்கள். நகர்த்தாமல், வலப்பக்கம் நாலாவதாக இருக்கிற சொல்லைப் படியுங்கள். கண் நம்மைக் கேட்காமலே அங்கே ஓடிப்போய்ப் படித்துவிட்டு வரும். அந்தத் திருட்டுத்தனத்தைக் கவனிப்பதுதான் முதல் பயிற்சி.

அடுத்தது இன்னும் முக்கியம். கீழே இரண்டு வரிகள். கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். வலப்பக்கத்தை ஓரக்கண்ணால் கவனியுங்கள்.

+               க

+             பகம

முதல் வரியில் "க" தெரியும். இரண்டாவது வரியிலும் அதே "க"தான், அதே அளவுதான். ஆனால் இரு பக்கமும் ஆள் வந்து நின்றதும் அது குழம்பிப்போகிறது. படிக்கிற தூரத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் நன்றாகப் பிடிபடும். நெதர்லாந்தில் ஹெர்மன் பௌமா 1970-இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: பார்வை மையத்திலிருந்து ஓர் எழுத்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதில் ஏறக்குறையப் பாதித் தூரத்துக்குள் வேறு எழுத்து இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கலைத்துவிடும்.

வெறும் மேசையில் கிடக்கிற சாவியை ஓரக்கண்ணே காட்டிக்கொடுக்கும். அதே சாவி சாமான்களுக்கு நடுவே கிடந்தால் கண் நேராகப் போய் இறங்கினால்தான் உண்டு. காட்சி நெரிசலாக ஆக ஆக, கண்ணை எங்கே இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2. தாவலைப் பிடியுங்கள்

கண்ணாடிக்கு முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். பிறகு வலது கண்ணைப் பாருங்கள். மாற்றி மாற்றிப் பாருங்கள். உங்கள் கண் நகர்வதை நீங்கள் ஒருபோதும் பார்க்க மாட்டீர்கள். பக்கத்தில் நிற்கிற நண்பருக்கு அது பளிச்சென்று தெரியும். கண் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது அந்த நேரத்துக் காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது. கைபேசியின் முன்கேமராவில் இதே சோதனையைச் செய்தால் சில சமயம் கண் நகர்வது தெரியும். திரையில் வருவது ஒரு நொடித்துணுக்கு தாமதமாக வருவதுதான் காரணம். தாவல் முடிந்த பிறகு அதன் படம் வந்து சேர்கிறது.

படம் பார்க்கும்போது ஒரு தாவல் பெரும்பாலும் 30 முதல் 50 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். பெரிய தாவல்களில் வேகம் நொடிக்கு 500 பாகையைத் தாண்டும். இரண்டு தாவல்களுக்கு நடுவே கண் சுமார் 300 மில்லிநொடி நிற்கிறது. அந்த நிற்றலில்தான் நாம் பார்க்கிறோம். நொடிக்கு 3 தாவல் என்று வைத்தாலும், 16 மணி நேரம் விழித்திருக்கிற ஒரு நாளில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகிறது.

இன்னொன்று. சுவரின் ஓரமாகக் கண்ணை இடமிருந்து வலமாக வழுக்கிக்கொண்டே கொண்டுபோகப் பாருங்கள். வழுக்குவதாக உங்களுக்குத் தோன்றும். நண்பரைக் கேட்டால், படி இறங்குவது போல் தத்தித் தத்திப் போகிறது என்பார். இப்போது உங்கள் விரலை மெதுவாக நகர்த்தி அதைப் பின்தொடருங்கள். கண் வழுக்கிக்கொண்டு போகும். நகர்கிற பொருள் இருந்தால்தான் கண்ணுக்கு வழுக்கத் தெரியும். அசையாத காட்சியில் தாவல்தான் அதன் நடை.

தொட்டும் பார்க்கலாம். ஒரு கண்ணை மூடி, மூடிய இமையின் மேல் விரல் நுனியைப் பூப்போல் வைத்துக்கொண்டு மற்றக் கண்ணால் படியுங்கள். விரலுக்கடியில் குட்டிக் குட்டித் துடிப்பு வரும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பவர்கள் இதை விட்டுவிடலாம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், நல்ல கருவிகள் வருவதற்கு முன், பிரான்சில் இமையோடு ஒரு குழாயைப் பொருத்தி இந்தத் துடிப்பைக் காதால் கேட்டே எண்ணியிருக்கிறார்கள். கண்ணசைவு ஆராய்ச்சி காதில் தொடங்கியது என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

3. கேள்வியை மாற்றுங்கள், பாதை மாறுகிறதா என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

மாஸ்கோவில் ஆல்ஃபிரட் யார்பஸ் என்ற ஆய்வாளர் செய்த சோதனை இது. அவருடைய புத்தகம் ரஷ்ய மொழியில் 1965-இலும் ஆங்கிலத்தில் 1967-இலும் வெளிவந்தது. இல்யா ரேபின் வரைந்த ஓவியம் ஒன்றை எடுத்துக்கொண்டார். நாடுகடத்தப்பட்டிருந்த ஒருவர் திடீரென்று வீட்டுக்குள் நுழைகிறார். வீட்டில் இருப்பவர்கள் திகைத்துத் திரும்புகிறார்கள். அதுதான் ஓவியம். பார்ப்பவரின் கண்ணில், சின்னக் கண்ணாடித்துண்டு பொருத்திய உறிஞ்சு மூடி ஒன்றை ஒட்டவைத்து, அதில் பட்டுத் திரும்புகிற ஒளியைப் பதிவு செய்தார். கண்ணுக்குச் சொகுசான ஏற்பாடு இல்லை. ஒரே மனிதர், ஒரே ஓவியம், 7 முறை, முறைக்கு 3 நிமிடம். முதல் முறை சும்மா பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு வேலை: இந்தக் குடும்பத்தின் வசதி எப்படி, இவர்களின் வயது என்ன, இவர் வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள், உடைகளை நினைவில் வை, ஆட்களும் பொருள்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று நினைவில் வை, இவர் எவ்வளவு காலம் கழித்து வந்திருப்பார்.

வயதைக் கேட்டபோது கண் முகம் முகமாகத் தாவியது. வசதியைக் கேட்டபோது உடைக்கும் சாமான்களுக்கும் போனது. எவ்வளவு காலம் கழித்து வந்தார் என்று கேட்டபோது, வந்தவர் முகத்துக்கும் மற்றவர் முகங்களுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. ஓவியம் மாறவில்லை, ஒரு புள்ளி வெளிச்சம்கூடக் கூடவில்லை. கேள்வி மட்டும் மாறியது.

அவருக்கு முன்பே, 1935-இல், சிகாகோவில் கை பஸ்வெல் என்ற ஆய்வாளர் 200 பேரின் கண்ணசைவைப் படம் எடுத்திருந்தார். ஒரு கோபுரத்தின் படத்தைச் சும்மா பார்க்கச் சொன்னபோது ஒரு பாதை. சன்னலில் யாராவது எட்டிப்பார்க்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் காட்டியபோது வேறு பாதை.

உங்கள் வீட்டுச் சோதனைக்குக் கருவி வேண்டாம். ஆட்கள் நிறைந்த அந்தப் படங்களில் ஒன்றைக் குப்புற வைத்திருக்கும்படி நண்பரிடம் சொல்லுங்கள். நண்பர் முதல் கேள்வியைச் சொல்கிறார்: "இதில் யார் யார் களைப்பாக இருக்கிறார்கள்?" படத்தைத் திருப்பி 5 நொடி காட்டிவிட்டு மூடிவிடுகிறார். பதிலைச் சொல்லாதீர்கள். படத்தில் கண்ட பொருள் எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். பிறகு அதே அளவு கூட்டமுள்ள இரண்டாவது படம், வேறு கேள்வி: "இந்த இடத்தில் மழை பெய்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" மறுபடியும் 5 நொடி, மறுபடியும் பட்டியல்.

முதல் பட்டியலில் முகமும் தோளும் கையும் இருக்கும். இரண்டாவதில் தரை, கூரை, செருப்பு, குடை. நான் செய்தபோது இரண்டாவது படத்தின் நடுவே நின்ற ஆள் தாடி வைத்திருந்தாரா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் காலணி ஈரமாக இருந்தது மட்டும் தெரிந்தது.

இன்னும் கிட்டப் போக வேண்டும் என்றால், படத்தைச் சுவரில் ஒட்டி, அதன் கீழ்விளிம்பை ஒட்டிக் கைபேசியை நிறுத்தி, மெதுவோட்டத்தில் உங்கள் கண்ணைப் படம் பிடியுங்கள். எந்தப் பொருளைப் பார்த்தீர்கள் என்று அதில் தெரியாது. இடமா வலமா, மேலா கீழா, எத்தனை தாவல் என்பது தெரியும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது போதும்.

4. கேள்வி இல்லாதபோது எது இழுக்கிறது

கண் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் ஓடும் என்பது பலர் சொல்லும் பாதி உண்மை. லாரன்ட் இட்டி, கிறிஸ்டோஃப் காக், ஏர்ன்ஸ்ட் நீபர் மூவரும் 1998-இல் ஒரு கணினி மாதிரியைத் தந்தார்கள். படத்தில் நிறம், ஒளி, கோடுகளின் சாய்வு இந்த மூன்றிலும் சுற்றுப்புறத்திலிருந்து எது தனித்து நிற்கிறது என்று கணக்கிட்டு, கண் அங்கே போகும் என்று ஊகிக்கும். பச்சைக்கு நடுவே ஒற்றைச் சிவப்பு என்றால் ஊகம் பலிக்கும். சாதாரண அறைப் படத்தில் அவ்வளவாகப் பலிக்காது. பளபளக்கிற கதவுப்பிடியை விட்டுவிட்டு, மங்கலாக மூலையில் உட்கார்ந்திருக்கிற ஆளின் முகத்துக்குக் கண் போய்விடும்.

2017-இல் ஜான் ஹெண்டர்சனும் டெய்லர் ஹேய்ஸும் வேறு வழியில் போனார்கள். படங்களைச் சின்னச் சின்ன வட்டத்துண்டுகளாக வெட்டி, "இந்தத் துண்டில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது" என்று மனிதர்களையே மதிப்பெண் போடச் சொன்னார்கள். அந்த மதிப்பெண்களைச் சேர்த்துச் செய்த வரைபடம், பளிச்சென்று தெரிவதை மட்டும் கணக்கிட்ட வரைபடத்தைவிடக் கண்ணின் போக்கை நன்றாகச் சொன்னது.

தொடங்குபவர் நினைவில் வைக்க வேண்டியவை இவ்வளவுதான். முகம் இழுக்கும். எழுத்து இழுக்கும், படிக்கத் தேவையில்லாத எழுத்தாக இருந்தாலும். படத்தில் ஒருவர் ஒரு பக்கம் பார்த்தால் நம் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பும். திரையில் ஒரு படத்தைக் காட்டினால், அதில் என்ன இருந்தாலும், முதலில் கண் நடுவை நோக்கித்தான் போகப்பார்க்கும். இந்த நடுச்சாய்வைத் தெரியாமல் "நான் வைத்த பொருளைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்" என்று மகிழ்ந்துபோன வடிவமைப்பாளர்கள் உண்டு. அந்தப் பொருள் நடுவில் இருந்தது, அவ்வளவுதான்.

கையில் வேலை என்று ஒன்று வந்துவிட்டால் இந்த இழுப்புகள் பலவும் அடங்கிப்போகின்றன. இங்கிலாந்தில் மைக்கேல் லேண்டும் கூட இருந்தவர்களும் 1999-இல், தேநீர் போடுகிறவர்களின் கண்ணைப் பதிவு செய்தார்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத பொருள்களின் மேல் கண் அநேகமாகப் போகவே இல்லை. பொருளைக் கை தொடுவதற்கு அரை நொடி முன்னால் கண் அங்கே போய் நின்றது. கை வேலையை முடிப்பதற்குள் அடுத்த பொருளுக்குக் கிளம்பிவிட்டது. அடுத்த முறை தேநீர் போடும்போது நீங்களே கவனிக்கலாம். கவனிக்கிறேன் என்று கண்ணை அங்கேயே வைத்திருந்தால் பால் பொங்கிவிடும்.

ஒரு கிளைப்பாதை: கருவி வாங்கலாமா?

கண் தொடர் கருவிகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணின் மேல் பாய்ச்சி, கருவிழியின் முன்பரப்பில் விழுகிற மினுக்கத்துக்கும் பாவையின் (கண்ணின் நடுவே இருக்கிற கறுப்பு வட்டத்தின்) நடுவுக்கும் உள்ள இடைவெளியை வைத்துப் பார்வையின் திசையைக் கணக்கிடுகின்றன. நொடிக்கு 60 முறை அளப்பதும் உண்டு, 1000 முறை அளப்பதும் உண்டு. கணினியின் சாதாரண வெப்கேமிலேயே ஓடுகிற மென்பொருள்களும் இருக்கின்றன. அவற்றில் பல பாகை பிழை வரும்; நகத்தின் அகலமே 2 பாகைக்குள் என்பதை வைத்து நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தின் எந்தக் கால்பகுதி என்று அறிய அது போதும். எந்தச் சொல் என்று அறியப் போதாது.

முடிவுகளைச் சிவப்பும் மஞ்சளுமாக வெப்பப்படம் போட்டுத் தருவார்கள். பார்க்க ரொம்ப அழகாக இருக்கும், அதில்தான் ஆபத்து. ஓரிடம் சிவந்திருந்தால் அங்கே கண் அதிக நேரம் நின்றது என்று அர்த்தம். பிடித்ததால் நின்றதா, புரியாமல் நின்றதா என்று சிவப்புச் சொல்லாது. எந்தக் கேள்வியோடு பார்க்கச் சொன்னார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வெப்பப்படத்தையும் நம்பாதீர்கள். முதல்முறையாகக் கருவியில் உட்காருகிறவர்கள் அளவுதிருத்தத்தை, அதாவது கருவியை அவர்கள் கண்ணுக்குப் பொருத்துகிற வேலையை, அவசரமாக முடித்துவிடுகிறார்கள். திரையில் வருகிற ஒவ்வொரு புள்ளியையும் அது மறையும்வரை பாருங்கள். அதில் சோம்பினால் பிறகு வருகிற எல்லாமே ஒரு விரற்கடை தள்ளி விழும்.

5. தேடுவதற்கு முன் ஒரு நொடி சும்மா இருங்கள்

இனித் தேடலுக்கு வருவோம். ஒரு நெரிசலான படத்தைக் கையில் கொடுத்து "இதில் பூனை எங்கே?" என்றால் உடனே கண்ணை மேயவிடுகிறோம். அதைத்தான் நிறுத்த வேண்டும்.

காட்சியின் சாரம் கண்மூடித் திறப்பதற்குள் கிடைத்துவிடுகிறது. பிரான்சில் சைமன் தோர்ப்பும் உடனிருந்தவர்களும் 1996-இல், படங்களை 20 மில்லிநொடி மட்டும் காட்டி, விலங்கு இருந்ததா என்று கேட்டார்கள். பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். படம் தோன்றி 150 மில்லிநொடிக்குள் மூளையலையில் வேறுபாடு தெரிந்தது. அறையா தெருவா, தரை எங்கே, மேல்பரப்பு எங்கே என்பதெல்லாம் முதல் பார்வையிலேயே கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே அதைப் பயன்படுத்துங்கள். முதல் நொடி முழுக்கப் படத்தின் நடுவில் கண்ணை வைத்து, "இது இங்கே எங்கெல்லாம் இருக்க முடியும்?" என்று கேளுங்கள்.

2006-இல் தொரால்பா, ஒலிவா, காஸ்டெல்யானோ, ஹெண்டர்சன் நால்வரும் செய்த ஆய்வில், தெருப்படத்தில் ஆட்களைத் தேடச் சொன்னபோது கண்கள் நடைபாதை மட்டத்தை ஒட்டிக் கிடைமட்டப் பட்டையாகப் போயின. அறைப்படத்தில் கோப்பையைத் தேடியபோது மேசை மட்டத்துக்கும், சுவரோவியத்தைத் தேடியபோது சுவருக்கும் போயின. படத்தில் ஆளே இல்லாவிட்டாலும் கண் அங்கேதான் தேடியது. வானத்தில் யாரும் நடக்க மாட்டார்கள் என்று கண்ணுக்குத் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பொருள் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தால் கடைசிவரை அகப்படாது. மூக்குக்கண்ணாடி குளிர்பெட்டிக்குள் இருந்தால் அதை எத்தனை முறை திறந்தாலும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். இரண்டு சுற்றுத் தேடியும் கிடைக்கவில்லை என்றால், மூன்றாவது சுற்றில் "இது இருக்கவே முடியாத இடங்கள் எவை?" என்று கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்.

6. வரிசையாகத் தேடுங்கள்

சொல்லை மட்டும் மனதில் வைத்துத் தேடாதீர்கள், உருவத்தை வையுங்கள். "ஒரு பை" என்பதைவிட "நீலம், முழங்கை அளவு, வாய் திறந்திருக்கும்" என்பது கண்ணுக்கு உதவும். தேடும் பொருளின் படத்தையே காட்டிவிட்டுத் தேடச் சொன்னால், பெயரை மட்டும் சொன்னதைவிட வேகமாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது சோதனைச் சாலையிலும் திரும்பத் திரும்பக் கண்டது. அதிலும் நிறம்தான் பெரிய கை. ஓரப்பார்வையில் வடிவம் கலங்கினாலும், பெரிதாக இருக்கிற பொருளின் நிறம் ஓரளவு தப்பிவிடுகிறது.

படத்தை மூன்று நாலு பட்டைகளாக மனதில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பட்டையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பார்த்த இடத்துக்கே கண் உடனே திரும்பாமல் இருக்க மூளையில் ஒரு தடை இருக்கிறது. மைக்கேல் போஸ்னரும் யோவ் கோஹனும் 1984-இல் விவரித்தது. ஆனால் அந்தத் தடை ஓட்டைக் கூடை. அதை நம்பினால் ஒரு மூலையை நாலு முறை பார்த்துவிட்டு இன்னொரு மூலையை மறந்துவிடுவோம். விரலை வைத்துக்கொண்டு தேடுவது சிறுபிள்ளைத்தனம் இல்லை. கண்ணுக்குத் தடம் போட்டுக் கொடுக்கிற வேலை அது.

ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். எக்ஸ்ரே படம் பார்க்கும் மருத்துவர்களிடம் நெடுங்காலமாகக் கண்டறிந்த பழக்கம் இது: ஒரு கோளாறு அகப்பட்டதும் மனம் திருப்தியாகி, பக்கத்தில் இருக்கிற இரண்டாவதைக் கோட்டைவிடுவது. பிழைதிருத்தத்திலும் அப்படியே. ஒரு பிழையைப் பிடித்த வரியிலேயே அடுத்த பிழை தப்பித்துப் போகும். பிழை கிடைத்த வரியை மறுபடி முதலிலிருந்து படியுங்கள்.

அரிதான பொருளைத் தேடுவது தனிச் சிக்கல். ஜெர்மி வூல்ஃப், டாட் ஹொரோவிட்ஸ், நவோமி கென்னர் மூவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7 விழுக்காடு தவறவிட்டார்கள். நூற்றுக்கு ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 விழுக்காடு தவறவிட்டார்கள். கண் கெட்டுப்போகவில்லை. "இருக்காது" என்று பழகிப்போன மனம் சீக்கிரமே கையைக் கழுவிவிடுகிறது. விமான நிலையப் பைச் சோதனையில் இதற்காகவே பொய்யான ஆயுதப் படங்களை அவ்வப்போது திரையில் நுழைக்கிறார்கள். நீங்களும் செய்யலாம். சரிபார்க்க வேண்டிய பக்கத்தின் நகலில் மூன்று பிழைகளைப் புதைத்து வைக்கும்படி நண்பரிடம் சொல்லுங்கள். மூன்றும் கிடைக்கும்வரை நீங்கள் ஓய மாட்டீர்கள். உண்மைப் பிழைகளும் கூடவே அகப்படும். நகலில்தான் புதைக்க வேண்டும், மூலத்தில் அல்ல. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

7. காட்சி ஓடிக்கொண்டிருந்தால்

ஓடும் காட்சியில் கண் பொருளைத் துரத்தக்கூடாது, முந்த வேண்டும். லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000-இல் மூன்று மட்டையாளர்களின் கண்ணைப் பதிவு செய்தார்கள். பந்து கையைவிட்டுக் கிளம்பியதைப் பார்த்த கண், பந்தோடு வராமல், அது குத்தி எழப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிக் காத்திருந்தது. திறமை கூடியவரின் கண் இன்னும் முன்னதாகத் தாவியது.

வண்டி ஓட்டப் பழகுபவரின் கண் வண்டிக்குக் கிட்டத்திலேயே விழுகிறது, பக்கவாட்டிலும் அதிகம் போவதில்லை என்று 1972-இலேயே மூரண்ட், ராக்வெல் இருவரும் காட்டினார்கள். பழகும்போது பார்வையைத் தூரத்துக்குத் தூக்கி வையுங்கள். சந்திப்பில் தலையைச் சடாரென்று திருப்பி எடுக்காதீர்கள். தாவலின்போது பார்வை அமுங்கியிருக்கும் என்று பார்த்தோம். அந்த இடைவெளியில் ஒரு இருசக்கர வண்டி தாராளமாக ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று இடங்களில் கண்ணை நிறுத்திப் பாருங்கள், பிறகு இன்னொரு முறை பாருங்கள். இரவில் மங்கலாக ஏதோ தெரிந்தால் அதற்குச் சற்றுப் பக்கத்தில் பாருங்கள். ஃபோவியாவின் நடுவில் இருட்டுக்கு உதவுகிற கோல் செல்கள் இல்லை.

8. தவறவிட்டீர்களா? எந்த வகை என்று கேளுங்கள்

ஹெரால்ட் கண்டெல், கால்வின் நோடைன் என்ற இருவர் எக்ஸ்ரே படத்தில் கட்டிகளைத் தவறவிட்ட மருத்துவர்களின் கண்ணசைவை ஆராய்ந்து, தவறை மூன்று வகையாகப் பிரித்தார்கள். கண் அங்கே போகவே இல்லை. போனது, நிற்காமல் கடந்தது. போனது, நின்று பார்த்தது, "ஒன்றுமில்லை" என்று முடிவெடுத்தது. மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்குப் பட்டை வெட்டித் தேடுவது. மூன்றாவதற்கு அறிவும் அனுபவமும் இரண்டாவது ஆளும். நடுவிலிருப்பதுதான் மோசம், ஏனென்றால் பார்த்தேன் என்று சத்தியம் செய்வோம்.

2013-இல் டிராஃப்டன் ட்ரூ, மெலிசா வோ, வூல்ஃப் மூவரும் செய்தது இதற்கு உதாரணம். நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களில் சிறு முடிச்சுகளைத் தேடச் சொல்லி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். அதில் ஒன்றில் ஒரு கொரில்லாப் படத்தை ஒட்டிவைத்தார்கள், முடிச்சைவிட 48 மடங்கு பெரியதாக. 20 பேர் அதைப் பார்க்கவில்லை. கண் தொடர் கருவியின்படி அந்த 20 பேரில் 12 பேரின் கண் கொரில்லாவின் மேலேயே இறங்கியிருந்தது. அவர்களிடம் கேட்டது முடிச்சைப் பற்றி. கொரில்லாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எங்கள் சுவரொட்டியில் நாலு பேருக்கும் நாலு கேள்வி இருந்தது: தேதி சரியா, எண் சரியா, இனிஷியல் சரியா, பொடி எழுத்து சரியா. தலைப்புக்குக் கேள்வி இல்லை. கண் அதன் மேல் எத்தனையோ முறை இறங்கி ஏறியிருக்கும். அந்தச் சொல் என்னவென்று முன்பே தெரிந்திருந்ததால், இல்லாத "ச்"சை மனமே போட்டுப் படித்துக்கொண்டது.

இப்போது சரிபார்ப்பதைச் சுற்றுச் சுற்றாகச் செய்கிறேன். ஒரு சுற்றுக்கு ஒரு கேள்வி, ஒரே கேள்வி. எண்களுக்கு ஒன்று, பெயர்களுக்கு ஒன்று, பொடி எழுத்துக்கு ஒன்று. கடைசிச் சுற்று ஒரு சாணுக்கு மேற்பட்ட எழுத்துகளுக்கு மட்டும். அதைச் சொல்லாகப் படிப்பதில்லை. விரலை வைத்து வலமிருந்து இடமாக, எழுத்தெழுத்தாக, வாய்விட்டு: சி, ச், ழ், க, நி.